லிஸவேதா எங்கே? குற்றவுணர்வு நாவலைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஒரு பாத்திரம் "நான் கேவலமானவன், நான் புழு" என்று பக்கம் பக்கமாகப் புலம்பினால் அவனுக்கு மனசாட்சி உறுத்துகிறது என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது தப்புக்கணக்கு. குற்றவுணர்வு வேறு, சுயவெறுப்பு வேறு. இரண்டும் ஒரே மனசில் குடியிருக்கலாம். ஒன்று மற்றதை வாசலிலேயே நிறுத்திவைக்கவும் செய்யலாம். இந்த வகை நாவல்களுக்குள் புதிதாக நுழைபவர்கள் இடறுகிற முதல் இடம் இதுதான். இதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலைவிடப் பொருத்தமான பயிற்சிக்களம் கிடையாது. எம். ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் தமிழிலேயே முழுமையாகப் படிக்கலாம்.

கதையின் முடிவுவரை இங்கே பேசப்போகிறோம். அதனால் நாவலின் சுவை கெடாது. கொலை முதல் பாகத்திலேயே முடிந்துவிடுகிறது, கொன்றவன் யார் என்பதும் நமக்குத் தெரியும். மீதி ஐந்து பாகங்களும் அதற்குப்பின் அவனுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியவை.

சுருக்கமாகக் கதை இது. பீட்டர்ஸ்பர்கில் ரஸ்கோல்நிகோவ் என்ற இளைஞன், பணமில்லாமல் படிப்பை நிறுத்தியவன். அடகு பிடித்து வட்டிக்குக் கொடுக்கும் அல்யோனா இவானோவ்னா என்ற கிழவியைக் கோடாலியால் கொல்கிறான். எதிர்பாராமல் வீட்டுக்குள் வந்துவிட்ட அவளுடைய தங்கை லிஸவேதாவையும் கொல்கிறான். பிடிபடவில்லை. ஆனாலும் நாவலின் இறுதியில் தானாகவே போய்ச் சரணடைகிறான்.

பள்ளி இலக்கணத்திலிருந்து ஒரு கருவி

நான்கு சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். அவமானம், குற்றவுணர்வு, சுயவெறுப்பு, கள்ளமின்மை.

அவமானத்துக்குப் பார்வையாளர்கள் வேண்டும். "பார்த்துவிட்டார்களே" என்பது அதன் வாக்கியம். யாரும் பார்க்காவிட்டால் அவமானம் பெரும்பாலும் தணிந்துவிடும். மற்ற மூன்றும் சிக்கலானவை. அவற்றைப் பிரிக்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது: எழுவாய், செயப்படுபொருள், பயனிலை.

"நான் அவளைக் கொன்றேன்." இந்த வாக்கியத்தில் செய்தவன் இருக்கிறான், செயல் இருக்கிறது, அந்தச் செயல் யார்மேல் விழுந்ததோ அவளும் இருக்கிறாள். இதுதான் குற்றவுணர்வின் வாக்கியம். "நான் ஒரு பேன்." இது சுயவெறுப்பின் வாக்கியம். இங்கே எழுவாய் மட்டும் வீங்கிப்போயிருக்கிறது. செயல் இல்லை, செயப்படுபொருளும் இல்லை. கேட்பதற்கு இரண்டாவது வாக்கியம் கடுமையாக இருக்கும். தன்னையே அடித்துக்கொள்வதுபோல இருக்கும். ஆனால் அதற்குள் இறந்தவளுக்கு இடமே கிடையாது.

தமிழ் நமக்கு இன்னொரு உதவியும் செய்கிறது. 'உடைந்தது', 'உடைத்தேன்' என்று வினைகள் இரட்டையாக வரும். குவளை கைதவறி விழுந்ததும் குழந்தை சொல்வது "உடைஞ்சுடுச்சு". "நான் உடைச்சுட்டேன்" என்று சொல்ல அதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். குற்றவுணர்வு நாவல் முழுவதும் இந்த இரண்டு வினைகளுக்கு இடையிலான தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க ரஸ்கோல்நிகோவுக்கு ஆறு பாகங்கள் தேவைப்படுகின்றன. அப்போதும் அவன் முழுக்கக் கடந்துவிட்டானா என்பது தனிக் கேள்வி.

கொலைக்கு முன்பே அவன் பேச்சில் இது தொடங்கிவிடுகிறது. தான் செய்ய நினைத்திருப்பதற்கு அவன் பெயர் சொல்வதில்லை, 'அது' என்கிறான். அதை என்னால் செய்ய முடியுமா, அதற்காகத்தான் போகிறேனா என்று நினைக்கிறான். சுட்டுப்பெயருக்குள் கொலையை ஒளித்துவைக்கிறான். முதல் அத்தியாயத்திலேயே இந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒரு மனிதன் தன்னிடமே எப்படிப் பேசிக்கொள்கிறான் என்பது அங்கேயே பிடிபடும்.

மார்மெலாதவ் என்னும் எச்சரிக்கை

இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு மதுக்கடை. மார்மெலாதவ் என்ற குடிகார முன்னாள் எழுத்தர் ரஸ்கோல்நிகோவிடம் தன் கதையைச் சொல்கிறார். புது வாசகர்கள் பலர் இந்த அத்தியாயத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். கொலைக்கும் இந்தக் கிழவருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். உண்மையில் ஆசிரியர் இங்கே சுயவெறுப்பின் உடற்கூற்றை முன்கூட்டியே வரைந்துகாட்டிவிடுகிறார்.

மார்மெலாதவ் எதையும் மறைப்பதில்லை. மனைவி பூட்டிவைத்திருந்த சம்பளப் பணத்தைத் திருடிக் குடித்ததைச் சொல்கிறார். வீட்டில் பசித்த குழந்தைகள் இருப்பதைச் சொல்கிறார். மூத்த மகள் சோனியா குடும்பத்துக்காக உடலை விற்கப்போன முதல் நாள், 30 ரூபிளை வாய்பேசாமல் மேசைமேல் வைத்ததைச் சொல்கிறார். அதே மகளிடம் போய், அவளிடம் கடைசியாக மிச்சமிருந்த 30 கோபெக் சில்லறையை வாங்கிவந்து இப்போது குடித்துக்கொண்டிருப்பதையும் சொல்கிறார். தன்னைப் பன்றி என்கிறார். தன்னைச் சிலுவையில் அறையவேண்டும் என்கிறார். வீட்டுக்குப் போனதும் மனைவி தலைமயிரைப் பிடித்து இழுக்கும்போது, இது எனக்கு வலி அல்ல, இன்பம் என்று கூவுகிறார்.

அந்த 'இன்பம்' என்ற சொல்தான் சாவி. தன்னைக் கேவலப்படுத்திக்கொள்வதில் அவருக்கு ஒரு நிறைவு கிடைத்துவிடுகிறது. தண்டனை அனுபவித்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று மனசு ஆறிப்போகிறது. ஆறிய மனசு மறுநாள் மறுபடியும் குடிக்கப் போகும். கோபெக்குகள் சோனியாவுக்குத் திரும்புவதில்லை. சுயவெறுப்பு தன்னைத் தானே தின்று பசியாறும் ஒரு நோய். அதனால் எதையும் மாற்ற முடியாது, ஏனென்றால் அது யாரையும் பார்த்துப் பேசுவதில்லை.

இதே மனிதர் இரண்டாம் பாகத்தின் கடைசியில் குதிரைவண்டியில் அடிபட்டுச் சாகிறார். சாகிற நேரத்தில், தெருவுக்குப் போகும் பகட்டு உடையோடு வாசலோரம் ஒடுங்கி நிற்கிற மகளைப் பார்க்கிறார். அந்த உடையில் அவளை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. "சோனியா, மகளே, மன்னித்துவிடு" என்று கையை நீட்டப் பார்க்கிறார். மதுக்கடையில் ஓர் அத்தியாயம் நீளத்துக்குப் பேசியவர் இங்கே பேசுவது ஒரே வரி. ஆனால் அந்த வரி ஒருத்தியைப் பார்த்துப் பேசுகிறது. இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்து ஒருமுறை படித்துவிட்டால் குற்றவுணர்வுக்கும் சுயவெறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வேறு யாரும் விளக்கவேண்டியதில்லை.

கள்ளமின்மை என்பது அறியாமை அல்ல

'இழந்த கள்ளமின்மை' என்று சொன்னதும் ஒன்றும் தெரியாத குழந்தைப் பருவம் ஒன்று நினைவுக்கு வரும். நாவல் அப்படிச் சொல்வதில்லை. முதல் பாகத்தின் ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போங்கள். கொலைக்கு முந்தைய நாள், ரஸ்கோல்நிகோவ் புதர்களுக்கு இடையே புல்லில் படுத்துத் தூங்கிவிடுகிறான். கனவில் அவனுக்கு ஏழு வயது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கல்லறைக்குப் போகிறான். வழியில் ஒரு மதுக்கடை. மிகோல்கா என்றொருவன் தன் நோஞ்சான் பெண்குதிரையைப் பெரிய வண்டியில் பூட்டி, ஆட்களை ஏற்றி, இழுக்க முடியாத அதைச் சாட்டையால் அடிக்கிறான், வண்டிக்கட்டையால் அடிக்கிறான், கடைசியில் இரும்புக் கடப்பாரையால் அடித்துக் கொல்கிறான். இது என் சொத்து என்று கத்துகிறான். சிறுவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, செத்த குதிரையின் ரத்தம் வழியும் தலையைக் கட்டிக்கொண்டு கண்ணிலும் வாயிலும் முத்தமிடுகிறான். பிறகு சின்ன முஷ்டியை மடக்கிக்கொண்டு மிகோல்காமேல் பாய்கிறான். அப்பா அவனைத் தூக்கிக்கொள்கிறார். நமக்கு எதற்கு, வா போகலாம் என்கிறார்.

அந்தச் சிறுவனுக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. அங்கே நின்ற எல்லோரையும்விட அவனுக்குத்தான் தெளிவாகத் தெரிகிறது. மற்றவர்கள் கண்ணுக்குப் பட்டது சொத்து, வேடிக்கை, பாட்டு. அவன் பார்த்தது குதிரையை. ஆக, நாவலின் அகராதியில் கள்ளமின்மை என்றால் அடிபடுகிறவரை அடிபடுகிறவராகவே பார்க்கும் கண். அந்தக் கண் மூடிப்போவதுதான் இழப்பு. நம் இலக்கணத்தில் சொன்னால், வாக்கியத்திலிருந்து செயப்படுபொருள் காணாமல்போகிற நேரம்.

கனவிலிருந்து எழுந்ததும் அவன் வியர்த்துப்போய், கடவுளே, நான் நிஜமாகவே கோடாலியை எடுப்பேனா என்று நடுங்குகிறான். திட்டத்தைக் கைவிட்டதாக உணர்கிறான். மூச்சு லேசாகிறது. பிறகு எந்தத் தேவையும் இல்லாமல் சுற்றுவழியில், வைக்கோல் சந்தை வழியாக வீட்டுக்குத் திரும்புகிறான். அங்கே லிஸவேதாவை மறுநாள் மாலை ஏழு மணிக்கு யாரோ வரச்சொல்வது காதில் விழுகிறது. அப்படியானால் அந்த நேரத்தில் கிழவி வீட்டில் தனியாக இருப்பாள். இனித் தப்ப முடியாது என்று நினைக்கிறான்.

கள்ளமின்மை கோடாலி விழுந்த கணத்தில் போய்விடவில்லை என்பதைக் கவனியுங்கள். கனவுக்கும் சந்தைக்கும் இடையில், குதிரைக்காக அழுதவன் லிஸவேதாவை வெறும் நேரக்குறிப்பாக மாற்றிக்கொண்ட கணத்தில் போகிறது. இந்த நாவலில் என்னை மிகவும் அச்சுறுத்துவது ரத்தம் சிந்தும் காட்சி அல்ல, இந்தச் சந்தைக் காட்சிதான்.

லிஸவேதாவைப் பின்தொடர்வது

இனி முக்கியமான வேலை. பென்சிலோடு படியுங்கள். லிஸவேதாவின் பெயர் வரும் ஒவ்வொரு இடத்தையும் ஓரத்தில் குறியுங்கள். நாவலை மறுபடி புரட்ட நேரமில்லாதபோது அந்தக் குறிகளை மட்டும் வரிசையாகப் படித்தாலும் போதும், குற்றவுணர்வின் முழுப் பாதையும் தெரிந்துவிடும்.

ஏன் லிஸவேதா? ரஸ்கோல்நிகோவிடம் ஒரு கோட்பாடு இருக்கிறது. பெரிய மனிதர்களுக்குச் சட்டத்தைத் தாண்டும் உரிமை உண்டு, நெப்போலியன் தயங்கியிருப்பானா என்பது. ஒரு மதுக்கடையில் வேறொரு மாணவன் பேசிய கணக்கும் அவன் மண்டையில் ஏறியிருக்கிறது: ஒரு பயனற்ற கிழவியின் சாவு, அதற்கு ஈடாக நூறு உயிர்களின் வாழ்வு. இந்தக் கணக்கில் அல்யோனா பொருந்துகிறாள். லிஸவேதா எங்கும் பொருந்துவதில்லை. அவள் முப்பத்தைந்து வயதுப் பெண், உயரமானவள், பயந்த சுபாவம். அக்காவுக்காக இரவும் பகலும் உழைத்து அடியும் வாங்குகிறவள். எந்தக் கோட்பாட்டாலும் அவள் சாவை நியாயப்படுத்த முடியாது. அவள் உள்ளே வரக் காரணமும் அவனுடைய தவறுதான். அத்தனை திட்டம் போட்டவன் கதவைத் திறந்தே விட்டிருந்தான்.

கொலையின்போது ஆசிரியர் வைக்கிற ஒரு நுணுக்கத்தையும் பாருங்கள். கிழவியைக் கோடாலியின் மழுங்கிய பின்பக்கத்தால் அடிக்கிறான். அப்படியானால் கூர்ப்பக்கம் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. லிஸவேதாமேல் விழுவது கூர்ப்பக்கம். அவள் முகத்தை மறைத்துக்கொள்ளக்கூட இல்லை. இடது கையை லேசாக முன்னால் நீட்டுகிறாள், அவனை விலக்குவதுபோல. குழந்தைகள் பயந்தால் உதடு கோணுமே, அப்படி. இந்தக் கையை மறக்காதீர்கள், திரும்ப வரும்.

கொலைக்குப்பின் முக்கியமான முதல் குறி இரண்டாம் பாகத்தின் நான்காம் அத்தியாயம். காய்ச்சலில் கிடக்கிறான். அறையில் நண்பர்கள் கொலையைப் பற்றிப் பேசுகிறார்கள். வேலைக்காரி நஸ்தாஸ்யா நடுவில், லிஸவேதாவையும்தானே கொன்றுவிட்டார்கள், அவள் இங்கே வருவாளே, உன் சட்டையைக்கூடத் தைத்துக்கொடுத்தாளே என்கிறாள். ரஸ்கோல்நிகோவ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான். சுவர்த்தாளில் ஒரு பூவைத் தேர்ந்தெடுத்து அதன் இதழ்களை எண்ணுகிறான். ஆசிரியர் ஒரு சொல் விளக்கம் கொடுப்பதில்லை. குற்றவுணர்வு அங்கே உடம்பாக இருக்கிறது, இன்னும் மொழி ஆகவில்லை.

அடுத்தது மூன்றாம் பாகத்தின் ஆறாம் அத்தியாயம். இங்கே சுயவெறுப்பு உச்சத்துக்குப் போகிறது. நான் நெப்போலியன் அல்ல, நான் பேன், கொன்ற பேனைவிடக் கேவலமான பேன் என்று பொருமுகிறான். சத்தம் பெரிது. ஆனால் அவன் வருந்துவது கொன்றதற்காக அல்ல, கொன்றபின் தாங்க முடியாத அளவுக்குத் தான் சின்னவன் என்பது தெரிந்துவிட்டதற்காக. காயம்பட்டிருப்பது கர்வம். அந்தப் புலம்பலின் நடுவே, தொடர்பில்லாததுபோல ஒரு நினைவு வெட்டுகிறது: பாவம் லிஸவேதா, அவள் ஏன் உள்ளே வந்தாள்? விசித்திரம், நான் ஏன் அவளைப் பற்றி நினைப்பதே இல்லை, அவளை நான் கொல்லவே இல்லை என்பதுபோல?

இந்தக் கேள்விதான் நாவலின் நடுத்தூண் என்பது என் உறுதியான எண்ணம். அவன் தன் மறதியைத் தானே பார்த்துவிடுகிறான். அடுத்த கணமே லிஸவேதாவின் பெயரோடு சோனியாவின் பெயரும் சேர்ந்து வருகிறது. இருவருக்கும் சாதுவான கண்கள்.

நான்காம் பாகம், நான்காம் அத்தியாயம். சோனியாவின் அறை. இழுப்பறைப் பெட்டிமேல் ஒரு பழைய புத்தகம், பைபிளின் புதிய ஏற்பாடு. இது எங்கே கிடைத்தது என்று கேட்கிறான். கொண்டுவந்து கொடுத்தாள் என்கிறாள். யார்? லிஸவேதா. இருவரும் தோழிகள். அந்தப் புத்தகத்திலிருந்துதான் சோனியா லாசரு உயிர்த்தெழுந்த கதையை வாசித்துக்காட்டுகிறாள். கிளம்பும்போது அவன் சொல்வது: நாளை வந்தால், லிஸவேதாவைக் கொன்றது யார் என்று சொல்கிறேன். கிழவியைக் கொன்றது யார் என்று அவன் சொல்வதில்லை. வாக்கியத்துக்குச் செயப்படுபொருள் வந்துவிட்டது. எழுவாய் இன்னும் 'யார்' என்ற கேள்வியாகவே நிற்கிறது.

ஐந்தாம் பாகத்தின் நான்காம் அத்தியாயத்தில் மறுபடி வருகிறான். இங்கும் 'நான்' வாயில் வருவதில்லை. அவன் அந்த லிஸவேதாவைக் கொல்ல நினைக்கவில்லை, கிழவியைத்தான் நினைத்தான், அவள் வந்துவிட்டாள், அவளையும் கொன்றான் என்று வேறு யாரையோபோலப் படர்க்கையில் பேசுகிறான். கண்டுபிடி, நன்றாகப் பார் என்கிறான். சோனியாவுக்குப் புரிகிறது. அவள் முகத்தில் அவனுக்குத் திடீரென்று லிஸவேதாவின் முகம் தெரிகிறது. அதே குழந்தைப் பயம், விலக்குவதுபோல நீளும் அதே கை. சுவர்த்தாள் பூவை எண்ணித் தப்பித்தவனுக்கு இப்போது திரும்பிக்கொள்ளச் சுவர் இல்லை.

ஆனால் உடனே வழுக்கிவிடுகிறான். நான் கிழவியையா கொன்றேன், என்னையே அல்லவா கொன்றுகொண்டேன் என்கிறான். மேற்கோள் காட்டப் பலருக்கும் பிடித்த வரி இது. ஆழமானதுபோல ஒலிக்கும். நம் கருவியால் அளந்து பாருங்கள், செயப்படுபொருளும் 'என்னை' ஆகிவிட்டது. இறந்தவர்கள் மறுபடி வெளியே தள்ளப்பட்டார்கள். ஆறாம் பாகத்தில் தங்கை துனியாவிடம் விடைபெறும்போது இன்னும் மோசம். என்ன குற்றம், ஒரு கேடுகெட்ட பேனைக் கொன்றதா என்று சீறுகிறான். அங்கே லிஸவேதாவின் பெயரே இல்லை. குற்றவுணர்வு நேர்க்கோட்டில் வளர்வதில்லை, நெருங்கும், பின்வாங்கும், மறுபடி நெருங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை நேர்மையாக எழுதியதால்தான் இந்த நாவல் நிற்கிறது.

ஆறாம் பாகத்தின் கடைசி அத்தியாயம். சோனியா அவன் கழுத்தில் சைப்ரஸ் மரச் சிலுவையைப் போடுகிறாள். தனக்கு லிஸவேதாவின் செப்புச் சிலுவையை வைத்துக்கொள்கிறாள். சந்தையில் மண்டியிட்டு மண்ணை முத்தமிடுகிறான். சுற்றியிருப்பவர்கள் குடிகாரன் என்று சிரிக்கிறார்கள். வாய்வரை வந்த வார்த்தை அப்படியே உறைந்துவிடுகிறது. காவல்நிலையத்துக்குப் போகிறான், சொல்லாமலே வெளியே வருகிறான், வாசலில் வெளிறிப்போய் நிற்கும் சோனியாவைப் பார்க்கிறான், திரும்பி உள்ளே போகிறான். சொல்கிறான்: நான்தான் அன்று அந்த அடகுக்காரக் கிழவியையும் அவள் தங்கை லிஸவேதாவையும் கோடாலியால் கொன்று கொள்ளையடித்தேன்.

எழுவாய், இரண்டு செயப்படுபொருள், கருவி, வினை. ஒன்றும் விடுபடவில்லை. 'அது' என்று தொடங்கியது இங்கே வந்து முழு வாக்கியம் ஆகிறது.

ஏன் 'நான்' என்று எழுதவில்லை?

குற்றவுணர்வு நாவல் என்றால் ஒப்புதல் வாக்குமூலமாக, தன்மையில் இருக்கும் என்று நினைப்போம். தஸ்தயேவ்ஸ்கியும் 1865-இல் அப்படித்தான் தொடங்கினார், குற்றவாளியே சொல்லும் கதையாக. பிறகு அந்த வரைவை விட்டுவிட்டுப் படர்க்கைக்கு மாறினார். 1866-இல் 'ரஷ்யத் தூதன்' இதழில் தொடராக வந்தது இந்த இரண்டாம் வடிவம்.

காரணம் நுட்பமானது. 'நான்' என்று கதைசொல்ல உட்காருகிறவன் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டவன். தன் குற்றத்துக்குச் சொற்கள் கண்டுபிடித்துவிட்டவன். ரஸ்கோல்நிகோவிடம் அந்தச் சொற்கள்தான் இல்லை. இன்னொன்று, தன்மையில் பேசுகிறவன் லிஸவேதாவை மறந்தால் நாமும் மறந்துவிடுவோம். அவனை ஒட்டியே நடக்கிற, ஆனால் அவனாக மாறிவிடாத ஒரு கதைசொல்லி இருந்தால், அவன் சுவர்ப்பக்கம் திரும்பும்போது அறையில் மற்றவர்கள் பேசுவது நமக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். இந்த வகையில் எழுத முயல்கிறவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான்: பாத்திரம் பார்க்க மறுப்பதை வாசகர் எந்த ஜன்னல் வழியாகப் பார்ப்பார்?

படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

பெயர்கள் முதல் தொல்லை. ரஷ்யர்களுக்கு இயற்பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப்பெயர், செல்லப்பெயர் என்று எல்லாம் உண்டு. ரோதியோன் ரோமானோவிச், ரோத்யா, ரஸ்கோல்நிகோவ் மூன்றும் ஒருவனே. சோஃபியா செம்யோனோவ்னாதான் சோனியா. அவ்தோத்யா ரோமானோவ்னாதான் துனியா. முன்அட்டையின் உட்புறம் எழுதிவைத்துக்கொண்டால் ஐம்பது பக்கத்தில் பழகிவிடும். பெயரிலேயே பொருளும் இருக்கிறது. ரஷ்ய மொழியில் 'ரஸ்கோல்' என்றால் பிளவு. தலைப்பில் 'குற்றம்' என்று நாம் மொழிபெயர்க்கும் ரஷ்யச் சொல்லின் வேர்ப்பொருள் 'தாண்டிச் செல்வது'.

ஆறு பாகங்களில் மொத்தம் 39 அத்தியாயங்கள், பிறகு இரண்டு அத்தியாயங்களில் ஒரு முடிவுப் பகுதி. நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்தால் மூன்று வாரம். பலரும் கைவிடுவது இரண்டாம் பாகத்தில். காய்ச்சல், பிதற்றல், மயக்கம் என்று நீள்கிறதே என்று சலிப்பு வரும். அங்கே கதை நிற்கவில்லை. அவன் அறிவு 'நான் செய்தது சரி' என்று வாதாடிக்கொண்டிருக்கும்போதே உடம்பு வாக்குமூலம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. காவல்நிலையத்தில் மயங்கி விழுகிறான். கொலை நடந்த வீட்டுக்கே திரும்பப் போய் அழைப்புமணியை இழுத்துப் பார்க்கிறான். திருடிய பணப்பையைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு கல்லுக்கடியில் புதைக்கிறான். அதில் 317 ரூபிளும் 60 கோபெக்கும் இருந்தன என்பது வழக்கு விசாரணையில்தான் தெரியவருகிறது. குடும்பத்துக்காகக் கொன்றேன் என்று அவன் சொல்லும் காரணத்தை அந்தப் பை ஒன்றே பொய்யாக்கிவிடுகிறது.

துப்பறியும் கதையாகப் படித்தாலும் ஏமாற்றம்தான். விசாரணை அதிகாரி போர்ஃபிரிக்கு யார் கொலையாளி என்பது சீக்கிரமே பிடிபட்டுவிடுகிறது. கைது செய்யாமல் காத்திருக்கிறார். அவருக்கு வேண்டியது ஆதாரம் மட்டுமல்ல, அந்த வாக்கியத்தை அவனே சொல்வது.

முடிவுப் பகுதியைத் தேவையற்ற ஒட்டு என்று தள்ளுகிறவர்கள் உண்டு. தள்ளாதீர்கள். சைபீரியாவில் எட்டு ஆண்டுக் கடுங்காவல். முழு வாக்கியத்தையும் சொல்லிவிட்டவன் அங்கே மனம் திருந்தியிருப்பான் என்று எதிர்பார்ப்போம். ஆசிரியர் துணிச்சலாக வேறொன்று எழுதுகிறார். அவன் வருந்துவதே இல்லை. தன் செயலில் வெறும் தோல்வியைத்தான் காண்கிறான். முகம் சுருங்கி, யாரோடும் ஒட்டாமல் இருக்கிறான். அவன் அவதிப்படுவது கர்வத்தில் பட்ட அடியால். ஒப்புதல் வேறு, வருத்தம் வேறு. சட்டத்துக்கு முதலாவது போதும், நாவலுக்குப் போதாது. சக கைதிகளுக்கு அவனைப் பிடிப்பதில்லை, சோனியாவைப் பிடிக்கிறது. நோயில் விழுந்து எழுந்தபின் ஒரு நாள் காலை ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறான். தூரத்துப் புல்வெளியில் நாடோடிகளின் கூடாரங்கள் புள்ளிகளாகத் தெரிகின்றன. சோனியா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போலத் தயங்கித் தயங்கிக் கையை நீட்டுகிறாள். இந்த முறை அவன் அந்தக் கையை விடவில்லை. அவள் காலில் விழுந்து அழுகிறான்.

இங்கே நீண்ட கை, ஐந்தாம் பாகத்தில் நீண்ட அதே கை, அதற்கும் முன்னால் கோடாலியின் எதிரே நீண்டது. இப்போது அது விலக்குவதற்காக நீளவில்லை.

அன்று இரவு சிறையில் அவன் தலையணைக்கடியில் ஒரு புத்தகம் இருக்கிறது. அவனே கேட்டு சோனியா கொண்டுவந்து கொடுத்த புதிய ஏற்பாடு, லாசருவின் கதையை அவள் வாசித்துக்காட்டிய அதே பிரதி. அதை அவன் எடுக்கிறான், ஆனால் இன்னும் திறக்கவில்லை. அது முதலில் யார் கொடுத்த புத்தகம் என்று அந்தப் பக்கத்தில் ஆசிரியர் சொல்வதில்லை. பென்சிலோடு படித்து வந்தவர்களின் ஓரக்குறிகளில் அந்தப் பெயர் இருக்கும்.